அப்பாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கி ஃப்ளைட்ல வரும்போது கட்டை உடைஞ்சிடுச்சு, ஒட்டலாமா, யார்கிட்ட குடுக்கறது?

பெரம்பூர்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ்ல ஃபிட்டர். ஆஸ்திரேலியாவுக்கு குடும்பத்தோட கிளம்பின ஒரு ஆங்கிலோ இந்தியன் டிரைவர்கிட்ட இருந்து லைசென்ஸ் எல்லாம் முறையா போட்டு ஒரு 12 போர் அளவு ரெட்டைக்குழல் வாங்கினாரு. ரெண்டு குழலுக்கும் நடுவுல ஓடற பட்டையில "பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்"னு பொடி எழுத்துல வெட்டியிருக்கும். சீசன்ல பழவேற்காடு பக்கம் வாத்துக்கு போவாங்களாம், 1972ல வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்ததுக்கு அப்புறம் தாத்தா அந்தப் பக்கமே போகல, வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் போட்டு துடைச்சு உறையில வைக்கறதோட சரி. அவருக்கு அப்புறம் அப்பா பேருக்கு வந்துச்சு. அப்பா ரிடையர் ஆனதும் கல்கத்தாவுல அண்ணன் வீட்ல போய் இருந்தாரு, துப்பாக்கியும் கூடவே போச்சு. அப்பா தவறினதும் அண்ணன் அங்க லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட டெபாசிட் பண்ணிட்டான், வாரிசுங்க எல்லார்கிட்டயும் ஆட்சேபனை இல்லன்னு எழுதி வாங்கி, வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு நடையா நடந்து, ஒன்றரை வருஷம் கழிச்சு என் பேர்ல லைசென்ஸ் வந்துச்சு.

போன வாரம் போய் எடுத்துட்டு வந்தேன். ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணி, குண்டு இல்லன்னு காட்டி, செக்கின்ல போட்டேன், தோட்டா ஒண்ணு கூட கொண்டு வரல. பேக்கிங் டீலரே பண்ணி குடுத்தாரு, துப்பாக்கியை முழுசா மாட்டின நிலையில நீள பிளைவுட் பெட்டிக்குள்ள வெச்சு சுத்தி தெர்மோகோல். மீனம்பாக்கத்துல பெல்ட்ல வரும்போதே பெட்டியோட ஒரு மூலை உள்ள போயிருந்துச்சு, எனக்கு அப்பவே வயித்துல என்னவோ பண்ணுச்சு. வீட்டுக்கு வந்து அம்மா முன்னாடி தொறந்தா, ட்ரிகருக்கு பின்னாடி கை பிடிக்கற எடம் இருக்குல்ல, கழுத்து மாதிரி, அங்க கட்டை ரெண்டா போயிருக்கு. கீழ ட்ரிகர் கார்டோட இரும்பு வால் மட்டும் பிடிச்சிட்டு தொங்குது. இடது குழல்ல வாய்லருந்து நாலு விரல் தள்ளி கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு ஒடுக்கு வேற. அம்மா ஒண்ணும் சொல்லல, எழுந்து உள்ள போயிட்டாங்க.

பக்கத்து தெருவுல ஒரு கார்பென்டர் ஃபெவிகால் போட்டு கிளாம்ப் அடிச்சு ஒரு நாள்ல குடுக்கறேன்னாரு. ஃபிரெண்டு ஒருத்தன் காசிமேட்டுல மீன்பிடி போட்டுக்கு போடற ரெசின் ஊத்தினா இரும்பு மாதிரி நிக்கும்னு சொல்றான். நான் இன்னும் எதையும் தொடல. எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். இதை ஒட்ட முடியுமா, இல்ல புதுக் கட்டைதானா? ஒட்டினா என்னைக்காவது ஒரு நாள் கிளப் ரேஞ்ச்ல அப்பா நினைவா ரெண்டே ரெண்டு தோட்டா சுட முடியுமா? அது முடியாதுன்னா சும்மா வெச்சுக்கறதுக்கும் தயார்தான். ஆனா தாத்தா கை பட்ட கட்டையைத் தூக்கிப் போட மனசு வரல.


காசிமேடு_தச்சன்:

தம்பி, நான் போட்டு வேலை பாக்கறவன், 26 வருஷமா மரத்துலயும் ஃபைபர்லயும்தான் என் பொழப்பு ஓடிகினு கீது. அதனால அந்த ரெசின் விஷயத்த மொதல்ல நான் சொல்லிடறேன். ஊத்தாத. போட்டுக்கு நாங்க போடறது பாலியெஸ்டர் ரெசின், அது கண்ணாடி நார் துணியோட சேர்ந்தாதான் பலம், தனியா மரத்து மேல ஊத்துனா காய்ஞ்சதும் சுருங்கும், மரத்த சரியா கவ்வாது, ஓரத்துலேர்ந்து பொருக்கு மாதிரி எழும்பி வரும். அதுவும் எண்ணெய் குடிச்ச மரம்னா சுத்தமா ஒட்டாது.

ஃபெவிகால் நல்ல சாமான்தான், நாற்காலி கால், ஜன்னல் சட்டம் எல்லாத்துக்கும் அதான் போடறோம். ஆனா அது காய்ஞ்ச பின்னாடியும் கொஞ்சம் இழுத்துக் குடுக்கும், ஒரே எடத்துல விடாம பாரம் விழுந்துகினே இருந்தா மெதுவா நகரும். துப்பாக்கி பின்னால ஒதைக்கும்ல, அந்த ஒதை மொத்தமும் வந்து விழறது இந்தக் கழுத்துலதான். ஃபெவிக்விக்க பத்தி பேசவே வேணாம், அது கண்ணாடி மாதிரி நொறுங்கும், அத்தோட மரத்து நாருக்குள்ள பூந்து அடைச்சிக்கும், அப்புறம் எந்த நல்ல பசை போட்டாலும் உள்ள எறங்க வழி இல்ல. ஒடஞ்ச மரத்துக்கு ஒரே ஒரு சான்ஸ்தான் தம்பி, மொதல்ல போடற பசை. அத தப்பா போட்டா அப்புறம் சுரண்டணும், சுரண்டுனா அந்த ரெண்டு முகமும் ஒண்ணோட ஒண்ணு சரியா உக்காராது.

ஒடஞ்ச முகத்த கையால தடவாத, உப்புத்தாள் போடாத. ஒரு சின்ன சிலாம்பு கீழ விழுந்திருந்தா கூட பொறுக்கி ஒரு டப்பாவுல போட்டு வெச்சிக்கோ. பெட்டிக்குள்ள தெர்மோகோல்லயும் ஒட்டிகினு இருக்கும், தேடிப் பாரு.

இன்னொண்ணு, இத என்கிட்டயும் எடுத்துனு வராத, உன் தெரு கார்பென்டர்கிட்டயும் குடுக்காத. அது ஏன்னு சட்டம் தெரிஞ்சவங்க சொல்வாங்க.


ராயபுரம்_ஸ்கீட்:

தச்சன் அண்ணன் சொன்னதோட சட்டத்தை நான் சொல்றேன், ஏன்னா இங்க நிறைய பேர் இது தெரியாம மாட்டிக்கறாங்க. 1959 ஆயுதச் சட்டத்துல 5வது பிரிவு இருக்கு, தயாரிக்கறது விக்கறது மட்டும் இல்ல, ரிப்பேர் பண்றதுக்கும் தனி லைசென்ஸ் வேணும். துப்பாக்கியோட பாகமும் அந்த சட்டத்துக்கு துப்பாக்கி கணக்குலதான் வரும். அதனால "வெறும் மரக்கட்டைதானே"ன்னு கழட்டி கார்பென்டர்கிட்ட குடுத்தா உங்களுக்கும் சிக்கல், பாவம் அவருக்கும் சிக்கல். ரிப்பேர் லைசென்ஸ் இருக்கற கடைக்கு ஒரிஜினல் லைசென்ஸோட நீங்களே நேர்ல எடுத்துட்டு போங்க, அவங்க ரெஜிஸ்டர்ல நம்பர் ஏத்திட்டு ரசீது குடுப்பாங்க, துப்பாக்கி திரும்பி கைக்கு வர்ற வரைக்கும் அந்த ரசீதை லைசென்ஸ் புக்கோடயே வெச்சுக்கோங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க, டீ குடிக்கக் கூட.

ஏர்லைன் விஷயம். வந்து எத்தனை நாள் ஆச்சு? செக்கின் பேகேஜ் சேதம்னா வாங்கின 7 நாளுக்குள்ள எழுத்துல கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும். பேகேஜ் டேக், போர்டிங் பாஸ், பெட்டியோட நசுங்கின மூலை, உள்ள இருந்த நிலை, எல்லாத்தையும் போட்டோ எடுத்து இன்னைக்கே மெயில் போடுங்க. பெட்டியைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க.

உடைஞ்சதுக்கு காரணம் ஏர்லைன் தூக்கிப் போட்டது மட்டும் இல்லன்னு நினைக்கறேன், உங்களுக்கு கஷ்டமா இருந்தாலும் சொல்லிடறேன். ரெட்டைக்குழலை எப்பவும் முழுசா மாட்டி அனுப்பக் கூடாது. முன்கட்டையைக் கழட்டி, குழலைத் தனியா, கட்டையும் ட்ரிகர் இருக்கற இரும்புப் பாகமான ஆக்‌ஷனும் தனியா பிரிச்சு, தனித்தனியா சுத்தி குட்டைப் பெட்டியில வைக்கணும், பிரிச்சு மாட்டறதுக்குன்னே செஞ்சது அது. மாட்டினபடி இருந்தா முன்னாடி ரெண்டு இரும்புக் குழல், பின்னாடி கட்டை, நடுவுல ஒல்லியா கழுத்து. பெட்டி ஒரு பக்கம் குத்தி விழுந்தா குழலோட கனம் கடப்பாரை மாதிரி கழுத்தை நெம்பிடும். பழைய துப்பாக்கி உடையற எடம் பெரும்பாலும் அதேதான். டீலர் பழகினவரா இருந்திருப்பாரு, ஆனா அன்னைக்கு அவசரத்துல பண்ணிட்டாரு போல.

இப்ப கட்டையை விட முக்கியம் குழல். அந்த ஒடுக்கோட எந்தக் காரணத்துக்காகவும் சுடக் கூடாது. உள்ள போற ஈயக் குண்டும், அதைப் பின்னாலருந்து தள்ற வாட்ங்கற அடைப்பும் அந்த மேட்டுல மோதும், குழல் அங்க வீங்கறதுக்கோ கிழியறதுக்கோ வாய்ப்பு இருக்கு. கட்டை ஒட்டறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு மூணு விஷயம் பார்த்து இங்க எழுதுங்க. முதல்ல தோட்டா உக்கார்ற சேம்பர் ரெண்டும் காலியான்னு விரல் விட்டு பாருங்க, பார்த்தேன்னு நினைவு இருந்தாலும் இன்னொரு தடவை.

குழலை மட்டும் கழட்டி, அடியில இருக்கற இரும்புக் கொக்கியில ஒரு நூல் கயிறு மாட்டி தொங்க விடுங்க, விரல் முட்டியால மெதுவா தட்டுங்க. மணி அடிச்ச மாதிரி இழுத்து சத்தம் வந்தா ரெண்டு குழலையும் சேர்த்து பிடிச்சிருக்கற ஈயப் பத்து நல்லா இருக்குன்னு அர்த்தம். ஓட்டைப் பானை மாதிரி டொக்குன்னு நின்னுட்டா பட்டை எங்கயோ விட்டிருக்கு, விழுந்த அடியில அதுவும் நடக்கும். அப்புறம் குழலுக்கு அடியில தட்டையா இருக்கற எடத்துல என்னென்ன முத்திரை குத்தியிருக்குன்னு பாருங்க, கிரீடம் போட்டு எழுத்து இருக்கும். கடைசியா மேல லீவருக்கு பின்னாடி இரும்பு நாக்கு முடியற எடத்துல ஸ்பிரிட் தொட்ட துணியால ஒரு தடவை துடைச்சிட்டு பாருங்க, மேல் பரப்பு உடனே காஞ்சுடும், விரிசல் இருந்தா அதுக்குள்ள போன ஈரம் மட்டும் கறுப்பு ரோமம் மாதிரி ஒரு கோடா நிக்கும்.


பெரம்பூர்_பையன்:

அண்ணா ரொம்ப நன்றி, நேத்து ராத்திரியே மெயில் போட்டுட்டேன், 5வது நாள்தான் ஆகுது. தெர்மோகோல்ல தேடினதுல தச்சன் அண்ணன் சொன்ன மாதிரியே ரெண்டு சிலாம்பு கிடைச்சுது, ஒண்ணு அரிசி அளவு, ஒண்ணு கொஞ்சம் நீளம். பழைய ஃபிலிம் டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்.

குழலைத் தொங்க விட்டு தட்டினேன். எப்படி எழுதறதுன்னு தெரியல, மூலக்கடை பக்கம் மாதா கோயில் மணி தூரத்துல கேக்கும்ல அந்த மாதிரி இழுத்துட்டே இருந்துச்சு, அம்மா சமையல் கட்டுலருந்து எட்டிப் பார்த்தாங்க. அதனால பட்டை விடலன்னு நினைக்கறேன்.

முத்திரை: கிரீடத்துக்கு கீழ பிவி, கிரீடத்துக்கு கீழ பிபி, கிரீடத்துக்கு கீழ என்பி. ரெண்டு குழல்லயும் இருக்கு. டைமண்ட் மாதிரி ஒரு கட்டத்துக்குள்ள 12ம் சி எழுத்தும். பக்கத்துல 2½ இன்ச்னு போட்டிருக்கு. மெட்ராஸ் துப்பாக்கிக்கு இதெல்லாம் யார் போட்டது?

ஸ்பிரிட் வெச்சு துடைச்சதுல நாக்குக்கு பின்னாடி ஒரு பக்கமா முக்கால் இன்ச்சுக்கு ஒரு கோடு தெரியுது. உடைப்பு நேரா குறுக்கால இல்ல, சாய்வா வாழைத்தண்டு சீவின மாதிரி மூணரை இன்ச் நீளத்துக்கு போயிருக்கு. உடைஞ்ச முகத்துல ஆக்‌ஷன் பக்கம் மரம் கருகருன்னு இருக்கு, தொட்டா கை பிசுபிசுங்குது. மக்கிப் போச்சோன்னு பயமா இருக்கு.


பழைய_பட்டறை:

நான் லைசென்ஸ் உள்ள ஒரு பட்டறையில முப்பது வருஷம் ரிப்பேர் பார்த்தவன், இப்ப கண் சரியில்ல, வேலையை விட்டுட்டேன். நீங்க எழுதினதை மகனை ரெண்டு தடவை படிக்கச் சொல்லி கேட்டேன், எனக்கு சந்தோஷமா இருக்கு தம்பி, இது பிழைக்கும்.

சாய்வா உடைஞ்சது உங்க நல்ல நேரம். குறுக்கால முறிஞ்சா ஒட்டற பரப்பு ரூபா நாணயம் அளவுதான் இருக்கும், நானே புதுக் கட்டை போடச் சொல்லிடுவேன். மூணரை இன்ச் சாய்வுன்னா பசைக்கு அவ்வளவு எடம் கிடைக்குது, நாரும் நீளவாக்குல பிடிச்சுக்கும்.

அந்தக் கறுப்பு, மக்கினது இல்ல. எண்ணெய். துப்பாக்கியை வாய் மேல இருக்கற மாதிரி நிக்க வெச்சு வெச்சு, ஆக்‌ஷன்ல போட்ட எண்ணெய் அறுபது எழுபது வருஷமா சொட்டு சொட்டா கட்டையோட தலைக்குள்ள இறங்கியிருக்கு. அக்ரூட் மரம் அதைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு கட்டத்துல பஞ்சு மாதிரி மெத்துன்னு ஆயிடும். அதை வெளிய எடுக்காம எந்தப் பசையும் நிக்காது. எடுக்கறது எப்படின்னா, அசிட்டோன்ல சாக்பவுடரைக் கெட்டியா குழைச்சு முகத்து மேல அப்பணும், காயக் காய எண்ணெயை இழுத்து பவுடர் மஞ்சளா, அப்புறம் காப்பிக் கலரா மாறும். தட்டிட்டு மறுபடி அப்பணும். நாங்க முல்தானி மட்டியும் போட்டிருக்கோம், அதுவும் இழுக்கும். ஒரு நாள் வேலை இல்ல, பவுடர் வெள்ளையாவே நிக்கற வரைக்கும் பத்து பதினஞ்சு தடவை ஆகும். பொறுமை இல்லாத ஆள் மூணாவது தடவையிலயே பசை போட்டுடுவான், அங்கதான் கெடும். அசிட்டோன் பக்கத்துல நெருப்பு ஆகாது, ஜன்னல் தொறந்திருக்கணும்.

நீங்க குடுக்கற ஆள் கிட்ட இதை எல்லாம் கேளுங்க. கேட்டா கோச்சுக்கற ஆள்கிட்ட குடுக்காதீங்க. எண்ணெய் எப்படி எடுப்பீங்க, எந்தப் பசை, உள்ள கம்பி பின் போடுவீங்களா, எங்கருந்து ஓட்டை போடுவீங்க. நல்ல வேலைக்காரன் சொல்றது இப்படித்தான் இருக்கும்: மெதுவா காயற எபாக்ஸி, அரால்டைட்ல ரெண்டு டியூப் வருமே அதுல 24 மணி நேரம் எடுத்துக்கற வகை, அஞ்சு நிமிஷத்துல இறுகறது வேணாம். இரும்பு எல்லாத்தையும் கழட்டிட்டுதான் ஒட்டணும், இல்லன்னா பசை ஆக்‌ஷனுக்குள்ள போய் அப்புறம் கட்டையை உடைச்சுதான் எடுக்கணும். கழட்டற ஸ்க்ரூடிரைவரைப் பாருங்க. இங்கிலீஷ் துப்பாக்கியில ஸ்க்ரூ தலை வெட்டு பிளேடு மாதிரி மெல்லிசா இருக்கும், கடையில விக்கற ஸ்க்ரூடிரைவர் ஆப்பு மாதிரி சரிவா இருக்கறதால உள்ள முழுசா உக்காராம வழுக்கி தலையைக் கிழிச்சுடும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அரம் போட்டு முனையைத் தீட்டி வெச்சிருக்கறவன்தான் இந்த வேலைக்கு ஆள்.

கட்ட கிளாம்ப்பு வேணாம், கழுத்து உருண்டை, கிளாம்ப் ரெண்டு எடத்துலதான் அழுத்தும். சைக்கிள் டியூபை நீள நாடாவா வெட்டி இழுத்து இழுத்து சுத்தினா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். காஞ்சதுக்கு அப்புறம் கட்டையோட தலைப் பக்கம் உள்ளருந்து, இல்ல ட்ரிகர் கார்டு வால் மூடற எடத்துலருந்து சாய்வா ஒரு ஓட்டை போட்டு மரை போட்ட பித்தளைக் கம்பி ஒண்ணு எபாக்ஸியோட உள்ள விடணும். இரும்பு மூடிடறதால வெளிய தெரியாது.

முத்திரை பத்தி கேட்டீங்க. அது பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் குத்தினது, 1813லருந்து இருக்கற எடம். மெட்ராஸ்லயும் கல்கத்தாவுலயும் பெரிய கடைங்க அங்க செஞ்சு வர்றதுல தங்க பேரை வெட்டி விப்பாங்க. பிவி பார்வையிட்டது, பிபி கறுப்பு மருந்து போட்டு சோதிச்சது, என்பி நைட்ரோன்னு சொல்ற புகையில்லா மருந்துக்கு சோதிச்சது. இந்த மூணும் சேர்ந்து கிரீடத்தோட வர்றது 1904க்கும் 1954க்கும் நடுவுல. அதனால இப்ப வர்ற மருந்துக்கு அந்தக் காலத்துலயே தாங்கின குழல். ஆனா 2½ இன்ச்ங்கறது 65 மி.மீ சேம்பர். இதை ரொம்ப கவனமா கேளுங்க. 70 மி.மீ தோட்டாவும் இதுக்குள்ள சுலபமா போகும், துப்பாக்கி மூடிக்கவும் செய்யும், ஏன்னா மடிச்ச வாயோட தோட்டா குட்டையா இருக்கும், 70ங்கறது வெடிச்சு வாய் விரிஞ்சதுக்கு அப்புறம் உள்ள நீளம். விரியும்போது அந்த வாய், சேம்பர் முடிஞ்சு குழல் குறுகற எடத்துல போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். உள்ள போகுதேன்னு போட்டு சுட்டவங்க துப்பாக்கி என் மேஜைக்கு வந்திருக்கு.


வியாசர்பாடி_12போர்:

எனக்கு வேற கருத்து இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட இச்சாப்பூர் ஃபேக்டரி ரெட்டைக்குழல் இருக்கு, அதுல கட்டை போனப்ப நான் ஒட்டிப் பார்த்து ரெண்டு வருஷத்துல அதே எடத்துல மறுபடி விட்டுச்சு, அப்புறம் புதுக் கட்டை போட்டேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு பிரச்சனை இல்ல. கன்னத்தை வெச்சு சுடற எடம், ஒட்டினதை நம்பி எப்படி முகத்தை வெக்கறது? சுடணும்னு ஆசை இருந்தா புதுக் கட்டை போட்டுட்டு, பழசை எடுத்து பத்திரமா வெச்சுக்கலாமே.


பழைய_பட்டறை:

நியாயமான கேள்விதான் தம்பி. உங்களோடது ஒட்டினப்ப எண்ணெய் எடுத்தாங்களா, உள்ள பின் போட்டாங்களான்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் ரெண்டும் இருக்காது. இச்சாப்பூர் துப்பாக்கி ஃபேக்டரி வேலை, அதுக்குன்னு வர்ற கட்டையை வாங்கி லேசா சீவி மாட்டிடலாம். இந்த மாதிரி கையால செஞ்சதுல ஆக்‌ஷன் உக்கார்ற குழியை உளியால கொஞ்சம் கொஞ்சமா, கரிப்புகை தடவி எங்க தட்டுதோ அங்க மட்டும் சீவி உக்கார வெச்சிருப்பாங்க. புதுக் கட்டைக்கு அதை முதல்லருந்து செய்யணும். அதை செய்யற கை இப்ப ரொம்ப கம்மி, அரைகுறையா உக்காந்த புதுக் கட்டை நல்லா ஒட்டின பழசை விட சீக்கிரம் விரியும். முதல்ல ஒட்டட்டும். நிக்கலன்னா புதுசுக்கு அப்புறமும் போகலாம், புதுசு போட்டுட்டு பழசுக்கு திரும்பி யாரும் வரமாட்டாங்க.


பெரம்பூர்_பையன்:

ரெண்டரை மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், முடிஞ்சதும் எழுதலாம்னு இருந்தேன்.

மூணு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில எண்ணெய் எடுக்கறதை பத்தி கேட்டதும் "அதெல்லாம் எங்களுக்கு தெரியும் விட்டுட்டு போங்க"ன்னாங்க, நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டாவது கடையில வேலை ஆளே இல்ல. மூணாவது கடையில ஒரு பெரியவர், நான் கேக்கறதுக்கு முன்னாடியே மேஜை டிராயரைத் தொறந்து நாப்பது ஸ்க்ரூடிரைவருக்கு மேல வரிசையா காட்டினாரு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு முனை. அங்கயே குடுத்துட்டேன். ரெஜிஸ்டர்ல ஏத்தி ரசீது குடுத்தாங்க.

எண்ணெய் எடுக்கவே 19 நாள் ஆச்சு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வேலை முடிஞ்சு போய் பார்ப்பேன், அவர் தட்டிப் போட்ட சாக்பவுடர் கட்டியை ஒரு பேப்பர்ல வரிசையா வெச்சிருந்தாரு, முதல் கட்டி நல்லெண்ணெய் கலர், கடைசிக்கு வர வர வெளுத்துட்டே போகுது. கறுப்பு போனதுக்கு அப்புறம் உள்ள மரம் தேன் கலர்ல ரேகை ரேகையா இருந்துச்சு, நான் இத்தனை வருஷத்துல அந்த மரத்துக்கு அப்படி ஒரு ரேகை இருக்கும்னு பார்த்ததே இல்ல. பசை இல்லாம ரெண்டு முகத்தையும் சேர்த்து காட்டினாரு, அந்த அரிசி அளவு சிலாம்பையும் சாமணத்தால எடுத்து வெச்சாரு, டக்குன்னு உக்காந்துச்சு. அதுக்கப்புறம் மெதுவா காயற எபாக்ஸி, சைக்கிள் டியூப், பழைய பட்டறை ஐயா சொன்ன மாதிரியே ட்ரிகர் கார்டு வாலுக்கு கீழருந்து பித்தளை பின். நாக்குக்கு பின்னாடி இருந்த விரிசலுக்கும் எபாக்ஸியை லேசா சூடு காட்டி தண்ணியாக்கி உள்ள இறக்கினாரு. உடைஞ்ச எடத்துல கை பிடிக்கற கோட்டு வேலைப்பாடு கொஞ்சம் அழிஞ்சிருந்தது, அதை ஒரு சின்ன வாள் மாதிரி கருவியால ஒவ்வொரு கோடா திரும்ப வெட்டினாரு, கண்ணாடி போட்டுட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. மேல ஆளி விதை எண்ணெய், சொட்டு சொட்டா உள்ளங்கையால தேய்ச்சு, காய விட்டு, மறுபடி. தேய்ச்ச துணியை சுருட்டி குப்பையில போடாதீங்க, தானா சூடாகி பத்திக்கும், தண்ணியில நனைச்சு போடணும்னு எனக்கு ரெண்டு தடவை சொன்னாரு.

குழல் ஒடுக்கு, உள்ள சரியான அளவுக்கு கடைஞ்ச பித்தளை உருளையை விட்டு வெளிய சின்ன சுத்தியலால தட்டித் தட்டி எழுப்பினாரு. வெளிய அரம் போட்டு சமன் பண்ணவே இல்ல, அப்படிப் பண்ணா குழல் மெலிஞ்சுடும்னாரு. அப்புறம் சுவர் கனம் அளந்து காட்டினாரு, நல்லா இருக்குன்னு எழுதியே குடுத்தாரு. ஏர்லைன் பெட்டிக்கும் ரிப்பேருக்கும் சேர்த்து கொஞ்சம் பணம் குடுத்தாங்க, முழுசா வரல, ஆனா அந்த 7 நாள் விஷயம் தெரியலன்னா அதுவும் வந்திருக்காது.

போன ஞாயிறு கிளப் ரேஞ்ச்ல, 65 மி.மீ லேசான தோட்டா, முதல் ரெண்டும் அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி முகத்தை வெக்காம தூரத்துல ஸ்டாண்டுல கட்டி கயிறு இழுத்து. கழுத்துல ஸ்பிரிட் துடைச்சு பார்த்தோம், கோடு இல்ல. அதுக்கப்புறம் நான் ரெண்டு. இடது ஒண்ணு வலது ஒண்ணு. அண்ணன் கல்கத்தாவுலருந்து வீடியோ கால்ல இருந்தான், சத்தம் கேட்டதும் அவனால பேச முடியல.

அம்மா ராத்திரி அதை மடியில வெச்சு பார்த்தாங்க. ஒட்டின எடம் எதுன்னு கேட்டாங்க, வெளிச்சத்துல சாய்ச்சு காட்டினாதான் ரோமம் மாதிரி ஒரு கோடு தெரியும். அங்க கட்டை விரலை வெச்சு தடவிட்டு, அப்பாவும் இங்கதான் பிடிப்பாருன்னாங்க.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எங்க வீடு கடல்லருந்து தூரம்தான், ஆனாலும் மழைக்காலத்துல அலமாரியில எல்லாம் பூஞ்சை பிடிக்கும். எப்படி வெக்கறது?


காசிமேடு_தச்சன்:

நல்லா செஞ்ச தம்பி, படிச்சதும் மனசு நெறஞ்சு போச்சு. அந்த சிலாம்ப விடாம தேடுன பாரு, அதுக்காகவே உன்ன பாக்கணும்னு இருக்கு.


பழைய_பட்டறை:

இத்தனை நாள் மகன்கிட்ட தினம் கேட்டுட்டு இருந்தேன், பெரம்பூர் தம்பி எழுதினானான்னு.

தோல் உறைக்குள்ள வெக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், இரும்பு அங்கயே துருப்பிடிக்கும். பூட்டு போட்ட இரும்பு அலமாரி, உள்ள சிலிக்கா ஜெல் பை, கலர் மாறினா நல்லா சூடு காட்டி காய வெச்சு திரும்ப போடுங்க. எண்ணெய் நிறைய வேணாம், துணியில தொட்டு துடைச்சா போதும். நிக்க வெக்கறப்ப குழல் வாய் கீழ இருக்கட்டும், ஒரு துண்டு ஃபெல்ட் போட்டு அதுமேல. மறுபடி அந்தக் கட்டைக்குள்ள எண்ணெய் இறங்க வேணாம்.